ட்ரெவின் ஸ்டுடியோவை எப்படிப் பார்ப்பது: சிற்பி பார்பரா ஹெப்வொர்த்தின் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் கடற்கரையில், செயின்ட் ஐவ்ஸ் என்ற பழைய மீன்பிடி ஊர் இருக்கிறது. அதன் துறைமுகத்திலிருந்து மேட்டை நோக்கி ஏறும் குறுகலான பார்னூன் ஹில் தெருவில், உயர்ந்த கல்மதிலுக்குப் பின்னால், சிற்பி பார்பரா ஹெப்வொர்த் கால் நூற்றாண்டு காலம் பணிசெய்த ட்ரெவின் ஸ்டுடியோ உள்ளது. 1949இல் ஏலத்தில் வாங்கிய இந்த இடத்திலேயே பின்னர் குடியேறி, 1975 மே 20 அன்று இரவு இங்கேயே ஏற்பட்ட தீவிபத்தில் தமது 72ஆம் வயதில் அவர் இறந்தார். தம் படைப்புகள் சிலவற்றை இந்த வீட்டிலும் தோட்டத்திலும் நிலையாகக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற விருப்பத்தை அவர் உயிலில் எழுதி வைத்திருந்தார். அதன்படி குடும்பத்தினர் 1976இல் இதைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 1980 முதல், பிரிட்டனில் கலைக்கூடங்களை நடத்தும் டேட் நிறுவனம் இதைப் பராமரித்து வருகிறது.

இந்த இடத்தை மற்ற அருங்காட்சியகங்களைப் போல எண்ணிக்கொண்டு போனால் பாதியை இழந்துவிடுவீர்கள். அருங்காட்சியகத்தில் பொருள்கள் எங்கிருந்தோ வந்து சேருகின்றன. இங்கே தோட்டத்தில் நிற்கும் வெண்கலச் சிற்பங்களில் பெரும்பாலானவை, எந்தச் செடிக்கு அருகில், எந்தப் பக்கம் பார்த்து, எந்த வெளிச்சத்தில் நிற்க வேண்டும் என்று சிற்பியே முடிவுசெய்து நிறுத்திய இடத்திலேயே இன்றும் நிற்கின்றன. கல் செதுக்கிய முற்றமும் கருவிகளும் மேலங்கிகளும் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. எனவே ஒரு சிற்பத்திலிருந்து அடுத்த சிற்பத்துக்குப் பெயர்ப்பலகை வாசித்துக்கொண்டு நகர்வதைவிட, ஒருவர் தம் வேலைநாளை எப்படி நடத்தினார் என்பதைப் பின்தொடர்ந்து நடப்பதே இங்கே சரியான முறை. இந்தக் கட்டுரை அதற்குத் துணையாக எழுதப்பட்டது.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஹெப்வொர்த்தின் முழு வரலாற்றையும் படித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஆனால் சில செய்திகளை மனத்தில் வைத்துக்கொண்டு போனால், அங்கே கண்ணில் படுபவை பேசத் தொடங்கும்.

அவர் 1903 ஜனவரி 10 அன்று யார்க்‌ஷயரின் வேக்ஃபீல்டு நகரில் பிறந்தவர். கார்ன்வால் அவருக்குப் பிறந்த மண் அன்று. 1939 ஆகஸ்டில், இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சில நாள்களே இருந்தபோது, கணவரும் ஓவியருமான பென் நிக்கல்சனுடனும், ஐந்து வயதுகூட நிரம்பாத, ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று குழந்தைகளுடனும் லண்டனை விட்டு இங்கே வந்து சேர்ந்தார். போர்க்காலத்தில் குழந்தைகளையும் காய்கறித் தோட்டத்தையும் கவனித்துக்கொண்டு, கல்லும் இடமும் இல்லாமல், இரவு நேரங்களில் ஓவியங்களும் சிறிய பிளாஸ்டர் வடிவங்களும் மட்டுமே செய்ய முடிந்தது. கல் செதுக்குவது வீட்டுக்குள் ஓர் அறையில் செய்யக்கூடிய வேலை அன்று. தூசி பறக்கும், சில்லுகள் தெறிக்கும், உளியின் ஓசை அடுத்த தெருவரை கேட்கும். பல டன் எடையுள்ள பாறையை உள்ளே கொண்டுவரவும் வெளியே கொண்டுபோகவும் வழி வேண்டும். இப்படிப் பத்து ஆண்டுகள் திறந்தவெளி தேடிய ஒருவருக்கு, ஊரின் நடுவிலேயே, மதில் சூழ்ந்த தோட்டமும் முற்றமும் பட்டறையும் ஒன்றாகக் கிடைத்தன. இதை நினைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் அந்த மதிலையே வேறு விதமாகப் பார்ப்பீர்கள்.

அடுத்ததாக, அவர் வேலை செய்த முறை. களிமண்ணில் மாதிரி செய்து, அதை வேறு கைவினைஞர்கள் கல்லுக்கு மாற்றும் வழக்கத்தை விட்டுவிட்டு, சிற்பியே உளி எடுத்து நேரடியாகக் கல்லிலும் மரத்திலும் செதுக்க வேண்டும் என்று கருதிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். கல்லின் துகளமைப்பு, மரத்தின் ரேகை, அவற்றின் கடினம் ஆகியவை வடிவத்தைத் தீர்மானிப்பதில் பங்கெடுக்கின்றன என்பது இந்த முறையின் அடிப்படை. சுத்தியலைப் பிடிக்கும் வலக்கை வெறும் இயக்கும் கை என்றும், கல்லின் மீது வைத்து அதை உணரும் இடக்கையே சிந்திக்கும் கை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். பட்டறையில் வரிசையாகக் கிடக்கும் கருவிகளைப் பார்க்கும்போது இந்தச் செய்தி உங்களுக்கு உதவும்.

துளை என்பது மூன்றாவது செய்தி. 1930களின் தொடக்கத்தில் அவர் ஒரு கல்லின் ஊடாகத் துளையிட்டு, அந்த வெற்றிடத்தையும் சிற்பத்தின் உறுப்பாக்கினார். அந்தக் கல் பின்னர் போரில் அழிந்துபோயிற்று. ஆனால் அதற்குப் பின் அவர் செய்த வேலைகளில் பெரும்பகுதி அந்தத் துளையிலிருந்தே கிளைத்தது எனலாம். குழிந்த பகுதிக்கு வெள்ளையோ நீலமோ பூசுவதும், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு யாழின் நரம்பைப் போல நூல் கட்டுவதும் அதைத் தொடர்ந்து வந்தவை.

கடைசியாக, 1956 முதல் அவர் வெண்கலத்திலும் வேலை செய்யத் தொடங்கினார். செதுக்குவதையே உயிராகக் கொண்டவர் வார்ப்புக்கு மாறியது முரணாகத் தோன்றலாம். அவர் அதற்கும் தமக்கே உரிய வழி கண்டார். அலுமினிய வலையால் உட்கூடு கட்டி, அதன்மேல் பிளாஸ்டரைப் பூசி, அது இறுகிய பிறகு கல்லைப் போலவே வெட்டியும் அராவியும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். பிறகே அது வார்ப்பகத்துக்குப் போனது. தோட்டத்தில் உள்ள வெண்கலங்களின் மேற்பரப்பை அருகில் நின்று பாருங்கள். பிளாஸ்டரில் விழுந்த அரத்தின் கீறல்கள் வெண்கலத்திலும் அப்படியே பதிந்திருப்பது தெரியும்.

பயணமும் நேரமும்

லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து பென்சான்ஸ் நோக்கிச் செல்லும் ரயிலில் ஏறி, செயின்ட் எர்த் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து செயின்ட் ஐவ்ஸ் செல்லும் கிளைப்பாதை ரயிலுக்கு மாற வேண்டும். பாடிங்டனிலிருந்து செயின்ட் எர்த் வருவதற்கு ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பும் எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. இரவில் புறப்படும் படுக்கை வசதி ரயிலும் உண்டு, அதில் வந்தால் காலையிலேயே ஊருக்குள் நுழைந்துவிடலாம். 1877இல் திறக்கப்பட்ட அந்தக் கிளைப்பாதை ஏழு கிலோமீட்டர்கூட இல்லை, பயணம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆயினும் ஹேல் ஆற்றின் கழிமுகத்தையும் அதன் பின் விரியும் கடலையும் ஒட்டியே ரயில் போகிறது; போகும்போது வலப்பக்கம் அமருங்கள். ஹெப்வொர்த் போர்க்காலத்தில் குடியிருந்த கார்பிஸ் பே இந்தப் பாதையிலேயே ஒரு நிலையம். அங்கே அவர் வீட்டிலிருந்து தெரிந்த வளைகுடா, இரண்டு கைகளால் அணைப்பதைப் போல நிலம் கடலைச் சூழ்ந்து நின்ற அந்தத் தோற்றம், 1946இல் அவர் எல்ம் மரத்தில் செதுக்கிய ‘பெலகோஸ்’ என்ற சிற்பத்துக்குத் தூண்டுதலாக இருந்தது. ரயில் அந்த நிலையத்தை நெருங்கும்போது சன்னலை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

காரில் வருபவர்களுக்கு ஒரே ஒரு சொல்: ஊருக்குள் காரைக் கொண்டுவராதீர்கள். தெருக்கள் வண்டிகளுக்காக அமைந்தவை அல்ல. ஸ்டுடியோவில் நிறுத்தும் இடமும் கிடையாது.

திறக்கும் நாள்களும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன, குளிர்காலத்தில் குறைகின்றன. ஆகவே பயணத்தை உறுதிசெய்யும் முன் டேட் நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். போர்த்மியர் கடற்கரையில் 1993இல் திறக்கப்பட்ட டேட் செயின்ட் ஐவ்ஸ் கலைக்கூடம் நடந்துபோகும் தொலைவிலேயே இருக்கிறது. இரண்டையும் பார்க்க விரும்பினால், இரண்டுக்கும் சேர்த்து அனுமதிச்சீட்டு வாங்க முடியுமா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால் முதலில் ஸ்டுடியோவுக்கு வாருங்கள் என்பது என் பரிந்துரை. களைத்த கண்ணோடு பார்க்கக்கூடிய இடம் அல்ல இது.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளி விடுமுறைக் கூட்டம் ஊரை நிறைத்துவிடுகிறது. தோட்டம் சிறியது, இருபது பேர் நின்றாலே சிற்பத்துக்கும் உங்களுக்கும் இடையில் யாராவது இருப்பார்கள். மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில், கதவு திறந்தவுடன் போவது மிகவும் பொருத்தம். வானம் மூடியிருந்தால் வருந்த வேண்டாம். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊராதலால் மேகமூட்டத்திலும் ஒரு வெண்மையான ஒளி இங்கே பரவி நிற்கும். இந்த ஒளியைத் தேடியே ஓவியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இங்கு வந்தார்கள். மழைக்குக் குடையைவிடத் தலைமூடியுள்ள மழையங்கி உதவும், ஏனெனில் காற்று குடையை விட்டுவைக்காது. தரை சரிவானது, படிகள் உண்டு, ஈரமானால் வழுக்கும். பிடிப்புள்ள காலணி அணிந்து வாருங்கள். நடப்பதற்குச் சிரமப்படும் பெரியவர்களை அழைத்துவருவதானால், முன்கூட்டியே அவர்களுக்கான வசதிகளைக் கேட்டறிந்து வருவது கட்டாயம்.

வீட்டுக்குள்

தெருவிலிருந்து நுழைந்தவுடன் கீழ்த்தளம். முன்பு சமையலறையும் சாப்பாட்டறையுமாக இருந்த பகுதியில் இப்போது புகைப்படங்களும் ஆவணங்களும் அவருடைய வாழ்க்கை வரிசையும் வைக்கப்பட்டிருக்கின்றன. இங்கே நெடுநேரம் நின்று எல்லாவற்றையும் வாசித்துக் களைத்துவிடாமல், புகைப்படங்களை மட்டும் நன்றாகப் பாருங்கள். கையில் உளியுடன், தலையில் துணி கட்டி, முற்றத்தில் நிற்கும் அவரைப் பார்த்துவிட்டுப் போனால், பின்னால் அந்த முற்றத்தில் நிற்கும்போது அடையாளம் தெரியும்.

மாடிப்படி ஏறினால் வெள்ளை பூசிய, வெளிச்சம் நிறைந்த அறை. தொடக்கத்தில் பணிக்கூடமாகவும், பின்னர் அவர் வாழ்ந்த அறையாகவும் இருந்தது இது. இங்கே மரத்திலும் கல்லிலும் செதுக்கியவை அவருடைய மேசை நாற்காலிகளோடு சேர்ந்து இருக்கின்றன. இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ள, பர்மிய மரத்தில் செய்த ‘குழந்தை’ என்ற சிறிய சிற்பத்தை அவசியம் தேடிப் பாருங்கள். 1929இல், பால் என்ற தம் முதல் மகன் பிறந்த ஆண்டில், அந்தக் குழந்தையையே பார்த்துச் செதுக்கியது அது. துளைகளும் நூல்களும் வருவதற்கு முந்தைய ஹெப்வொர்த் இவர். உடலின் உருண்டையையும் சருமத்தின் இறுக்கத்தையும் மரத்தில் கொண்டுவந்த அந்தக் கை, பிற்காலத்தில் உருவமே இல்லாத வடிவங்களைச் செய்தபோதும் அதே உருண்டையைத்தான் தேடியது என்பதை, தோட்டத்துக்குப் போன பிறகு உணர்வீர்கள். இந்தச் சிற்பத்தை மறந்துவிடாதீர்கள். கட்டுரையின் இறுதியில் மறுபடியும் இதற்கு வருவேன்.

மரச் சிற்பங்களைப் பார்க்கும்போது வெளிப்பரப்புக்கும் உட்குழிவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். 1954இல் நைஜீரியாவிலிருந்து குவாரியா என்ற வெப்பமண்டல மரத்தின் பெரும் அடிமரங்கள், மொத்தம் பதினேழு டன், அவருக்காகக் கப்பலில் வந்து சேர்ந்தன. அவற்றைக் குடைந்து அவர் செய்த சிற்பங்கள் இன்று பல இடங்களில் இருக்கின்றன. வெளியே மெருகேறிய செம்பழுப்பு, உள்ளே உளித்தடங்களோடு விட்ட வெள்ளை. ஒரு பழத்தை இரண்டாகப் பிளந்ததைப் போன்ற இந்த முறை அவருடைய கையெழுத்தாகவே ஆகிவிட்டது. மொத்தத்தில் வீட்டுக்குள் இருபது முதல் முப்பது நிமிடங்கள் போதும். மீதி நேரத்தைத் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில்

மாடி அறையிலிருந்தே தோட்டத்துக்கு வழி இருக்கிறது, ஏனெனில் வீடு சரிவில் கட்டப்பட்டது. வெளியே வந்ததும் உடனே நடக்கத் தொடங்காதீர்கள். சில நிமிடங்கள் அப்படியே நில்லுங்கள். கடற்பறவைகளின் குரல், மதிலுக்கு அப்பால் தெருவில் போகிறவர்களின் பேச்சு, மூங்கில் இலைகளில் காற்று, கூரைகளுக்கு மேல் தெரியும் புனித ஐயா தேவாலயத்தின் கோபுரம் ஆகிய எல்லாம் சேர்ந்ததே இந்த இடம். குளிர்நாடான இங்கிலாந்தில் பனைவகை மரங்களும் மூங்கிலும் செழித்து நிற்பதைப் பார்த்து வியப்பு ஏற்படலாம். கடல் சூழ்ந்த கார்ன்வாலில் உறைபனி குறைவு என்பதால் இவை வளர்கின்றன. தோட்டத்தின் அமைப்பைத் திட்டமிட்டதில் அவருடைய தோழியும், தென்னாப்பிரிக்காவில் பிறந்த இசையமைப்பாளருமான ப்ரியோ ரெய்னியருக்குப் பங்கு உண்டு.

இனி ஒரு சிற்பத்தைப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் பெயர்ப்பலகையைப் படிக்காதீர்கள். சிற்பத்தை ஒரு முறை முழுவதும் வலம் வாருங்கள். எங்கே நின்றால் அதன் துளை திறக்கிறது, எங்கே நின்றால் மூடிக்கொள்கிறது என்று பாருங்கள். துளை முழுதாகத் திறக்கும் இடத்தில் நின்று, அதன் ஊடாக என்ன தெரிகிறது என்று கவனியுங்கள்: சில இடங்களில் இலைகள், சில இடங்களில் வானம், சில இடங்களில் இன்னொரு சிற்பம். பிறகு குனிந்து, ஒரு குழந்தையின் கண்மட்டத்திலிருந்து ஒரு முறை பாருங்கள். இதெல்லாம் முடிந்த பிறகே பெயரையும் ஆண்டையும் படியுங்கள். பெயரை முதலில் படித்தவர்கள் அந்தப் பெயரைச் சிற்பத்தில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். கண் அதோடு நின்றுவிடுகிறது.

இந்த முறையைப் பயிற்சி செய்வதற்கு 1963இல் செய்த ‘உள்வடிவம் கொண்ட கோளம்’ ஏற்றது. ஒரு வெண்கலக் கோளம், அதில் திறப்புகள், உள்ளே பாதுகாப்பாக அமர்ந்திருக்கும் இன்னொரு வடிவம். சுற்றி வரும்போது உள்ளிருப்பது தெரிவதும் மறைவதுமாக இருக்கும். கருவைச் சுமக்கும் வயிறு நினைவுக்கு வருமானால், அது அவருடைய கலையில் தொடர்ந்து வரும் எண்ணமே. அடுத்து 1966இல் செய்த ‘நான்கு சதுரம்’ என்ற பெரிய வெண்கலத்துக்குப் போங்கள். வட்டத் துளைகள் கொண்ட நான்கு பலகைகள், இரண்டின் மேல் இரண்டாக அடுக்கியவை. உயரம் 4 மீட்டருக்கும் அதிகம். இதன் பெயரிலேயே ஊடாக நடந்து போவது என்ற குறிப்பையும் அவர் சேர்த்திருந்தார். மனித உடல் சிற்பத்தின் நடுவே நின்று, தன் அளவை அதனோடு ஒப்பிட்டு உணர வேண்டும் என்று கருதினார். அருகில் போய் நின்றால், எட்டத்திலிருந்து கட்டடம் போலத் தோன்றிய அது, தோள் உயரத்துக்கும் கை எட்டும் தூரத்துக்கும் உரிய அளவுகளைக் கொண்டிருப்பது புரியும்.

‘ஆற்றின் வடிவம்’ என்ற படுத்த நிலையிலான சிற்பத்தை மழை பெய்த மறுநாள் பார்க்கக் கிடைத்தால் அதைப் பேறு என்றே சொல்வேன். குழிந்த உட்புறத்தில் நீர் தேங்கி, அதில் உதிர்ந்த இலையும் வானத்தின் துண்டும் கிடக்கும். 1965இல் மரத்தில் செதுக்கி, பின்னர் 1973இல் வெண்கலத்தில் வார்த்தது இது. மரத்தில் இருந்தபோது இதற்கு நீர் பகை. வெண்கலத்தில் நீரே சிற்பத்தின் பங்காளி.

எல்லாவற்றிலும் அதிக நேரம் தர வேண்டியது, 1973ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘மந்திரக் கற்களோடு உரையாடல்’ என்ற தொகுதி. ஆறு வெண்கலங்கள் சேர்ந்தது இது. மூன்று உயர்ந்து நிற்கும் உருவங்கள். மூன்று, தரையை ஒட்டிய பல முகங்கள் கொண்ட கற்கள். உருவங்களுக்குத் தலையோ கையோ கிடையாது. ஆயினும் அவை ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன என்ற உணர்வை மறுக்க முடியாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போய்க்கொண்டே, எந்த இடத்தில் நீங்களும் அந்த உரையாடலுக்குள் நின்றுவிடுகிறீர்கள் என்று பாருங்கள். எழுபது வயதில், புற்றுநோயோடும் உடைந்த இடுப்பெலும்பின் பின்விளைவுகளோடும் போராடிக்கொண்டிருந்த ஒருவர் செய்தது இது என்பதை அறிந்து பார்க்கும்போது என் மதிப்பு இன்னும் கூடுகிறது.

சிற்பங்களைத் தொடக்கூடாது. இதைச் சொல்வதில் எனக்கே ஒரு தயக்கம் உண்டு, ஏனெனில் தொடுதலைச் சிற்பக்கலையின் முதல் புலனாகக் கருதியவர் அவர். ஆனால் வெண்கலத்தின் மேல் உள்ள பச்சையும் பழுப்புமான களிம்பு நிறங்கள் தாமாக வந்தவை மட்டும் அல்ல; எந்தப் பகுதிக்கு எந்த நிறம் என்பதிலும் சிற்பியின் முடிவு இருக்கிறது. நாள்தோறும் பல கைகளின் வியர்வையும் உப்பும் பட்டால் அந்த நிறம் தேய்ந்து பளபளத்துவிடும். குழந்தைகளோடு வருபவர்கள் இந்தக் காரணத்தை அவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டால் போதும், கேட்டுக்கொள்வார்கள். கைக்கு மாற்றாக அவர்களிடம் ஒரு பென்சிலும் சிறிய குறிப்பேடும் கொடுத்து, ஒரே சிற்பத்தை மூன்று இடங்களில் நின்று வரையச் சொல்லுங்கள். பெரியவர்களும் செய்து பார்க்கலாம். மூன்று படங்களும் ஒரே சிற்பத்தினுடையவை என்று நம்ப முடியாது.

படம் எடுப்பவர்கள் முதல் அரை மணி நேரம் கைப்பேசியை வெளியே எடுக்க வேண்டாம் என்று வேண்டுகிறேன். துளைகளும் குழிவுகளும் நடக்கும் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. எங்கே நின்றால் சிற்பம் முழுமை பெறுகிறது என்று தெரிந்த பிறகு எடுக்கும் ஒரு படம், உள்ளே நுழைந்ததும் எடுக்கும் ஐம்பது படங்களைவிட உங்களுக்குப் பின்னாளில் பயன்படும்.

பட்டறைகளும் முற்றமும்

தோட்டத்தின் ஓரத்தில் கல் செதுக்கும் பட்டறைகள் இருக்கின்றன. இவற்றை வெளியிலிருந்தே பார்க்க வேண்டும். பலர் கண்ணாடியருகே ஒரு நொடி நின்றுவிட்டுக் கடந்து போகிறார்கள். என் கருத்தில் இந்த வீட்டின் இதயம் இதுதான். தூசி படிந்த மேலங்கிகள் ஆணியில் தொங்குகின்றன. உளிகள், கொட்டாப்புளிகள், சுத்தியல்கள், அரங்கள் அதனதன் இடத்தில் இருக்கின்றன. வேலை தொடங்கி முடியாத கற்களும், தொடங்கவே படாத சலவைக்கல் பாளங்களும் காத்திருக்கின்றன. இங்கே கண்ணைப் பழக்குவதற்கு ஒரு வழி சொல்கிறேன்: முடியாத கல் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதன் எந்தப் பக்கத்தில் கூர் உளியின் கரடுமுரடான தடம் இருக்கிறது, எந்தப் பக்கம் பல்லுளியின் இணைகோடுகளாக மாறியிருக்கிறது, எங்கே அரம் பட்டு மென்மையாகத் தொடங்கியிருக்கிறது என்று தேடுங்கள். ஒரு கல் முடிவை நோக்கிப் போகும் வழி முழுவதும் ஒரே கல்லில் தெரியும். மேலே மாடி அறையில் நீங்கள் பார்த்த மெருகு எங்கிருந்து தொடங்கியது என்பதும் அப்போதுதான் விளங்கும்.

அவர் தனியாக வேலை செய்தவர் என்ற எண்ணத்தையும் இந்த முற்றம் திருத்துகிறது. 1951ஆம் ஆண்டுப் பிரிட்டன் விழாவுக்காக அயர்லாந்தின் நீலச் சுண்ணாம்புக்கல்லில் ‘எதிரிசை வடிவங்கள்’ என்ற மாபெரும் இரட்டை உருவத்தைச் செதுக்கியபோது, உள்ளூர் இளம் கலைஞர்கள் உதவியாளர்களாக இங்கே வேலை செய்தார்கள். அவர்களுள் டெனிஸ் மிச்செல், டெர்ரி ஃப்ராஸ்ட் போன்றவர்கள் பின்னர் தாமே பெயர்பெற்றார்கள். பட்டறையில் தொங்கும் மேலங்கிகளைப் பார்க்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் வெள்ளை பூசிய ஒரு சிறிய கோடைக்கால அறையும், அதில் ஒரு கட்டிலும் உண்டு. வேலைக்கு இடையே அவர் ஓய்வெடுத்த இடம். எட்டிப் பார்த்துவிட்டு, அருகில் உள்ள இருக்கையில் பத்து நிமிடம் அமர்ந்து, நீங்களும் ஓய்வெடுங்கள். பிறகு எழுந்து தோட்டத்தை இன்னொரு முறை, வந்த திசைக்கு எதிர்த் திசையில் சுற்றுங்கள். பட்டறையைப் பார்த்த பிறகு வரும் இந்த இரண்டாம் சுற்றை விட்டுவிடவே கூடாது.

வெளியே வந்த பிறகு

வாசலுக்கு எதிரே, தெருவின் மறுபக்கத்தில், பழைய திரையரங்கும் நடனக்கூடமுமாக இருந்த ஒரு கட்டடம் தெரியும். பாலே டி டான்ஸ் என்று அதற்குப் பெயர். தோட்டத்தில் இடம் போதாமல் 1961இல் ஹெப்வொர்த் அதை வாங்கினார். விமான விபத்தில் இறந்த ஐக்கிய நாடுகள் சபைப் பொதுச்செயலாளர் டாக் ஹமர்ஷோல்டின் நினைவாக நியூயார்க் தலைமையகத்தில் 1964இல் திறக்கப்பட்ட, 6.4 மீட்டர் உயரமுள்ள ‘ஒற்றை வடிவம்’ உருவானது இந்தக் கூடத்தில்தான். உலகமே பார்த்த அந்தச் சிற்பம் இந்தக் குறுகிய தெருவிலிருந்து போனது என்பதை, வெளியே நின்றபடியே ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

அடுத்த நாளும் ஊரில் தங்குபவர்கள், மாட்ரன் என்ற சிற்றூருக்கு அப்பால் புல்வெளியில் இருக்கும் மென்-ஆன்-டோல் என்ற தொல்கற்களைப் பார்க்கப் போகலாம். நிற்கும் இரு கற்களுக்கு நடுவே, வட்டமாகத் துளையிட்ட ஒரு கல். ஹெப்வொர்த் கார்ன்வாலுக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் துளையிடத் தொடங்கிவிட்டார். ஆகவே அவர் இதிலிருந்து கற்றார் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். ஆனால் தாம் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்த ஒன்று இந்த நிலத்தில் பல ஆயிரம் ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்ததை அவர் கண்டார் என்று சொல்லலாம்.

ஒரு நாள் மட்டுமே உள்ளவர்கள், ஸ்டுடியோவிலிருந்து கீழிறங்கி, துறைமுகத்தின் அருகே உள்ள புனித ஐயா தேவாலயத்துக்குள் போங்கள். தோட்டத்திலிருந்து நீங்கள் பார்த்த கோபுரம் இதனுடையது. உள்ளே ஹெப்வொர்த் 1954இல் வெளிர்நிறக் கல்லில் செதுக்கிய, குழந்தையை ஏந்திய மரியாளின் சிறு சிற்பம் இருக்கிறது. மாடி அறையில் மரக்குழந்தையாகப் பார்த்தீர்களே, அந்த மகன் பால், வளர்ந்து பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து, 1953இல் தாய்லாந்தில் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் நினைவாகத் தாய் செய்து இந்தத் தேவாலயத்துக்குக் கொடுத்தது இது. அருவ வடிவங்களையே செய்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், இதற்கு மட்டும் அவர் தாயின் முகத்துக்கும் குழந்தையின் முகத்துக்கும் திரும்பினார். தேவாலயம் வழிபாட்டு இடம் என்பதால் பிரார்த்தனை நடக்கும் நேரம் தவிர்த்துப் போங்கள். அமைதியாக ஒரு பக்கத்தில் அமர்ந்து பாருங்கள்.

ரயில் நிலையத்துக்குத் திரும்பும் வழியில், பேருந்து நிலையத்தை ஒட்டிய மாலகாஃப் என்ற மேட்டில், அவருடைய ‘எபிடாரஸ்’ என்ற வெண்கலச் சிற்பம் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது. அதற்குச் சீட்டும் இல்லை, மூடும் நேரமும் இல்லை. செயின்ட் எர்த் ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தால், அங்கே நின்று, காலையில் பழகியபடி அதை ஒரு முறை வலம் வந்துவிட்டு, நிலையத்துக்கு இறங்குங்கள்.